தெருவோடு அளந்தவன்

குவாரிக்காரர்கள் அனுப்பிய இன்ஜினியர் விரிசல் விட்ட என் வீட்டுச் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காரை நிறுத்திய இடத்திலிருந்து தெருவோரமாகவே சின்னக் கருவிகளை ஆணி போல வரிசையாகக் குத்தினான். இரும்புத் தகட்டைத் தரையில் போட்டு, சம்மட்டியால் சில அடிகள். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னான்.

"வெடி அதிர்ச்சி இங்க வர்றதுக்குள்ளயே செத்துடுது சார். வீடு கட்டினதுலதான் கோளாறு."

அந்த வீட்டைக் கட்டியவர் என் அப்பா. ஊரில் பாதிச் சுவர்கள் அவர் நூல் பிடித்து எழுப்பியவை. செங்கல்லை ஊறவைக்காமல் வைத்தார் என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொன்னதில்லை. படுக்கையறையில் சாய்வாக ஓடும் ஒரு விரிசலைச் சாக்கிட்டு, முந்தாநாள் முளைத்த ஒருவன் அவர் பெயரில் காறித் துப்பிவிட்டுப் போகிறான்.

மாப்பிள்ளையை வரவழைத்தேன். என் மகளைக் கட்டியவருக்குப் பூமி அதிர்வதைப் படிப்பதுதான் உத்தியோகம். சம்பந்தம் பேசும்போது இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் கேட்டது அவருக்கும் தெரியும். வந்தவர் ஒரு காலைப் பொழுதைச் சாலையோரப் பள்ளத்தில் பாறையைத் தடவிக் கழித்துவிட்டு, முழங்கால் மண்ணோடு என் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தரையை ஒட்டியே ஓடுற அலை மாமா இது. குட்டை அலை மேல்மண்ணோட போயிடும். நீள அலை அடியில இருக்கற பாறையையும் சேர்த்து ஆட்டிக்கிட்டுப் போகும். இங்க பாறை, நிறுத்தி வெச்ச சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா நிக்குது. அடுக்கு நீளுற பக்கமா வந்தா அலை வேகமா வரும், ரொம்ப தூரம் வரும். குறுக்க வந்தா ஒவ்வொரு அடுக்கிலயும் முட்டி அடங்கிடும். தெரு குறுக்க போகுது. அவன் தெருவோட அளந்துட்டான்."

"குவாரிலேர்ந்து நம்ம வீட்டுக்கு?"

"அடுக்கோட நீளத்துல. அந்தக் கோட்டுலதான் அளக்கணும். ஆனா கோடு சின்ன மாமா வீட்டுத் தோட்டம் வழியாப் போகுது."

சின்ன மாமா என்று அவர் மரியாதையாகச் சொன்னது என் தம்பியை. அப்பா வாங்கிப் போட்ட மேட்டு நிலத்தைக் குவாரிக்கு விற்றவன். விற்ற கையோடு வாங்கிய காரை, ஓட்டத் தெரியாமல், உறை போட்டு மூடி வைத்திருப்பவன். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை.

"நீங்க போய் ஒரு வார்த்தை கேட்டா வாயிலேர்ந்து முத்தா கொட்டிடும்?" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"வாங்கண்ணே" என்றான், நேற்றுத்தான் விடைபெற்றுப் போனவனிடம் சொல்வதுபோல. வெட்கம் கெட்டவன்.

"சுவருக்காக வந்தேன். உனக்காக இல்ல."

"தெரியும். அளந்தா என்ன வரும்?"

"உன் குவாரிதான் பிளந்துச்சுன்னு வரும்."

"வரலைன்னா? அப்பா ஒழுங்காக் கட்டலைன்னு ஆயிடுமேண்ணே."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "எது வருதோ அதைத்தான் எழுதுவேன் மாமா" என்றார். அந்த யோக்கியத்தனத்துக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

தம்பி கேட்டைத் திறந்தான். மாப்பிள்ளை அவன் தோட்டத்தின் வழியாகக் கருவிகளைக் குத்திக்கொண்டே போய், அதிர்வைப் பதியும் பெட்டியின் முன் குந்தினார். "தகட்டுல யாராவது அடிக்கணும்" என்றார். நான் குனிவதற்குள் தம்பி சம்மட்டியை எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவன் வீட்டுப் பக்கச் சுவரைக் கவனித்தேன். காருக்கு மேலாக, காய்ந்தும் காயாத புதுப்பூச்சு ஒரு பட்டையாக ஓடியது. என் படுக்கையறை விரிசலின் அதே சாய்வு. ஓரமெல்லாம் கட்டி கட்டியாக, கொத்துக்கரண்டியின் தடம்கூட மறையாமல். கொத்தனை வைத்தால் தன் வீடும் பிளந்தது ஊருக்குத் தெரியும் என்று தானே பூசியிருக்கிறான். அந்த அப்பாவுக்குப் பிறந்தவன் செய்த பூச்சு.

நான் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"தள்ளி நில்லுங்கண்ணே."

நான் நகரவில்லை. சம்மட்டி தகட்டில் இறங்கியது. என் காலுக்கு எதுவும் தெரியவில்லை. பூச்சிலிருந்து ஒரு செதில் கழன்று காரின் உறைமேல் விழுந்தது. அதை இருவரும் தட்டிவிடவில்லை. அவன் மறுபடி சம்மட்டியை ஓங்கினான்.