நாலு சென்டிமீட்டர்

சீசன் தொடங்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கால்பந்து லீக் ஆய்வாளர் மைதானத்தைப் பார்க்க வருவதாக இருந்தது.

அவளுக்குக் கவலை இல்லை. மைதானம் அவள் பொறுப்பு. கோடை முழுக்கப் பழைய புல்லைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுப் புல் போட்டிருந்தாள். கோல் கம்பங்களுக்கு முன்னால் கீப்பர்கள் மிதித்து மிதித்துத் தட்டுபோலக் குழிந்திருந்த இரண்டு இடங்களையும் நிரப்பியிருந்தாள். ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது.

கிளப் முதல் முறையாக நாட்டின் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. மைதானம் தேறினால் முதல் ஆட்டம் இங்கே. தேறாவிட்டால் பாதி சீசன்வரை சொந்த ஆட்டங்கள் எல்லாம் வேறு ஊரில், பஸ்ஸில் நான்கு மணி நேரம் தள்ளி.

ஒன்பது மணிக்கு அவள் அண்ணன் வந்தான். முப்பத்தாறு வயது. பதினான்கு வருடமாகக் கிளப்பின் கோல்கீப்பர். எல்லோரும் அவனைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கோல் விட்ட நாட்களில் திறந்த பூட்டு.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் அவன் ஒரு காரியம் செய்வான். தெற்குக் கோலில், கோட்டின் மேல், குதிகால் பதிய நின்று வலது கையைத் தூக்குவான். நடுவிரல் நுனிக்கும் மேல்கம்பிக்கும் இடையில் ஒரு தீப்பெட்டி நுழையும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையுறை மாட்டுவான்.

இன்று விரல் கம்பியில் இடித்து மடங்கியது.

"கம்பி இறங்கிடுச்சு," என்றான்.

"நீ வளந்துட்ட."

"முப்பத்தாறு வயசுலயா?"

"அண்ணி நல்லா ஊட்டி வளக்கறாங்க."

"விளையாடாத. டேப் எடு."

"என் மைதானத்துக்கு டேப் எதுக்கு? மூணு தடவை மட்டம் பாத்திருக்கேன்."

"என் கை பதினாலு வருஷமா பாக்குது."

எடுத்தாள். புல்லிலிருந்து கம்பியின் அடிவிளிம்புவரை இரண்டு மீட்டர் நாற்பது. நாற்பத்து நாலு இருக்க வேண்டும். இன்னும் இரண்டு இடத்தில் அளந்தாள். நாற்பது. நாற்பது. வடக்குக் கோலுக்கு நடந்துபோய் அளந்தாள். அங்கே நாற்பத்து நாலு.

திரும்பி வரும்போதே புரிந்துவிட்டது. கம்பத்தில் தரைமட்டத்துக்கு ஒரு குறி உண்டு. வடக்கில் மணலைக் குறிக்கு நாலு சென்டிமீட்டர் கீழே நிறுத்தி, மேலே புல்லை விரித்திருந்தாள். தெற்கில் மணலையே குறிவரை ஏற்றிவிட்டாள். புல்லின் கனத்தைக் கழிக்கவில்லை. சுற்றிலும் மேடு தெரியாமல் இழைத்தும் விட்டிருந்தாள். ரசமட்டம் மட்டத்தைச் சொல்லும். உயரத்தைச் சொல்லாது.

"என் தப்புதான்," என்றாள்.

"அப்பாடா. நான்தான் நீண்டுட்டேனோன்னு பாத்தேன்."

கிளப் செயலாளர் ஓடி வந்தார். டிக்கெட் அச்சடிப்பது முதல் குழாய் ஒழுகலை அடைப்பதுவரை அங்கே அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்து, அப்புறம் தெளிந்தது.

"கம்பத்தைத் தூக்கிடும்மா. குழிக்குள்ள ரெண்டு கட்டையைப் போட்டா ஆச்சு. அரை மணி நேர வேலை. அவர் அளந்தா சரியா இருக்கும்."

"இருக்கும் சார். ஆனா தரை மேடாவே நிக்கும். உருண்டு வர்ற பந்து இவன்கிட்ட வந்ததும் துள்ளும்."

"நான் பிடிச்சுக்கறேன்," என்றான் அண்ணன்.

"நீ ஒண்ணும் பிடிக்க வேண்டாம். புல்லைத் தூக்கிட்டு மணலை வழிச்சு எடுக்கப் போறேன்."

"இன்னைக்கா?" என்றார் செயலாளர். "மூணு மணிக்கு வர்றாரும்மா!"

"வரட்டும். ஆறு மணி நேரம் இருக்கே."

"வெட்டின இடம் தெரியுமே."

"தெரியும்."

"பாத்துட்டு ஃபெயில் போட்டுட்டார்னா?"

"போட மாட்டார் சார். மைதானம் பாக்கத் தெரிஞ்சவர்தானே வர்றார்?"

புல் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அகல அகலப் பட்டைகளாக வெட்டி இழுத்தபோது துணி கிழிகிற சத்தம் வந்தது. அண்ணன் புதுக் கையுறையோடு குனிந்தான்.

"அதைக் கழட்டு. சீசனுக்கு வாங்கினது."

கழற்றினான். பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனான். செயலாளர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தள்ளுவண்டி தள்ளினார். அவள் நூல் கட்டி, பலகையால் மணலை வழித்தாள். இரண்டு இருபதுக்குக் கடைசிப் பட்டை உட்கார்ந்தது. தண்ணீர் விட்டு உருளை ஓட்டினாள். அளந்தாள். நாற்பத்து நாலு.

ஆய்வாளர் குள்ளமான மனிதர். பையில் ஒரு பந்தும் மடக்கு அளவுகோலும் வைத்திருந்தார். வடக்கில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. தெற்கில் உயரத்தை அளந்துவிட்டு, புல்லை வெட்டின கோட்டின் மேல் நின்றார்.

"இது எப்பப் போட்டது?"

செயலாளர் இருமினார்.

"இன்னைக்குக் காலையில," என்றாள். "நாலு சென்டிமீட்டர் ஏத்திட்டேன். எடுத்துட்டேன்."

அவர் குந்தி உட்கார்ந்து புல்லைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். பட்டை அப்படியே கையோடு வந்தது. செயலாளர் வானத்தைப் பார்த்தார். ஆய்வாளர் அடியில் இருந்த மணலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுந்தவில்லை. பட்டையைத் திருப்பி வைத்துத் தட்டிவிட்டார். பெனால்டி புள்ளியிலிருந்து பந்தை ஆறு முறை உருட்டினார். ஒரு முறையும் துள்ளவில்லை. ஆறாவதை அண்ணன் பழக்கதோஷத்தில் தடுத்துவிட்டான்.

"உள்ள போகட்டும்யா," என்றார் ஆய்வாளர். ஏழாவது முறையும் உருட்டினார். பிறகு அவளிடம் கேட்டார்.

"வேர் பிடிக்க எத்தனை நாள்?"

"ஒன்பது."

"பத்தாம் நாள் வர்றேன். இதே இடத்துல இழுப்பேன். வந்துச்சுன்னா கையெழுத்துக் கிடையாது."

"வராது சார்."

அவர் போனதும் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினாள். காலையும் மாலையும் அவள் மட்டும் கயிற்றுக்கு அப்பால் நின்று தண்ணீர் விட்டாள். அணி வடக்குக் கோலில் பயிற்சி எடுத்தது. அண்ணன் தினமும் கயிறுவரை வந்து நிற்பான்.

"பாக்கவாவது செய்யலாமா?"

"பாரு. மூச்சு மட்டும் விடாத."

நாலாம் நாள் செயலாளர் வந்தார்.

"டிக்கெட்டுல எந்த மைதானம்னு போடறதும்மா? அச்சகத்துல கேக்கறான்."

"நம்ம மைதானம்னு போடுங்க சார்."

"பத்தாம் நாள்வரை பொறுத்துப் பாக்கலாமே?"

"எதுக்கு?"

அச்சடித்தார்.

பத்தாம் நாள் ஆய்வாளர் கயிற்றைத் தாண்டிப் போய் அதே இடத்தில் குந்தினார். ஒரு கையால் இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். காதுவரை சிவந்தார். நாலு புல் இழை மட்டும் கையோடு வந்தது. அதைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, செயலாளரைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

அண்ணன் கோட்டின் மேல் ஏறி நின்று கையைத் தூக்கினான். நடுவிரல் நுனிக்கும் கம்பிக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு தீப்பெட்டி அளவு.

"சுருங்கிட்ட," என்றாள்.

அவன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான்.