ஈரம் போனால் உயிர் போச்சு

"உலர் அறைச் சாவியைக் குடுங்க சார்."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆய்வகத்து அக்கா சொல்லி வைத்திருந்தாள். சாவி இயக்குநருக்கு உயிர் மாதிரி. அம்மாவும் போனில் அதையேதான் வேறு விதமாகச் சொல்வாள்: "நம்ம வீட்டுல டிகிரி வாங்கினதே நீ ஒருத்திதான். வாயை அடக்கிக்கிட்டு இருடி." இந்த வேலையை நம்பித்தான் அம்மா பாத்திரம் தேய்க்கப் போவதை விட்டிருந்தாள்.

இயக்குநர் நிமிரவில்லை. "எதுக்கு?"

"நேத்து உள்ளே வச்ச விதையெல்லாம் செத்துக்கிட்டிருக்கு."

காலங்காலமாகத் தானிய விதைகளைக் காய வைத்துச் சேமித்தே பழகிய விதை வங்கி அது. எது வந்தாலும் முதலில் உலர் அறை, அப்புறம் உறைபெட்டி. இதுவோ மேகம் வந்து இலை நனைக்கிற மலையுச்சி மரத்தின் விதை. காய்ந்தால் திரும்ப முளைக்காது. மிஞ்சிய மரங்களில் ஒன்றே ஒன்றுதான் இந்த வருஷம் காய்த்தது. அட்டை கடிக்கக் கடிக்க ஏறிப் பொறுக்கி, ஈரப்பாசியில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். நேற்று அவள் காய்ச்சலில் படுத்த ஒரு நாளில், பாசியை உதறிவிட்டு, விதைகளைப் பளிச்சென்று துடைத்துத் தட்டில் பரப்பிவிட்டார்கள்.

"ஈரமா வச்சா பூசணம் பிடிக்கும்மா. படிச்ச பொண்ணுதானே?"

"படிச்சதாலதான் சொல்றேன்."

ஆய்வக எடை மேசையடியில் உருண்டு கிடந்து, கையோடு எடுத்து வந்திருந்த ஒரு விதையை நறுக்கி அவர் முன்னால் வைத்தாள். பழுப்பேறிய பருப்புக்கு நடுவில் நூலளவு பச்சை.

"இது வெளியில கிடந்ததால இவ்வளவாவது மிச்சம். உள்ளே இருக்கறது சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

"திங்கக்கிழமை குழு கூடட்டும். பார்க்கலாம்."

"திங்கக்கிழமை கிலுகிலுப்பைக்குள்ள போட்டு ஆட்டலாம் சார். நல்லா சத்தம் வரும்."

கதவருகே நின்ற அக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது. இயக்குநர் சாவியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

பாத்திரச் சோப்பில் வெந்துபோன அம்மாவின் விரல்கள் கண்முன் வந்து நின்றன. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நறுக்கிய விதைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கடி போற?" அக்கா கையைப் பிடித்தாள்.

"உலர் அறைக் கதவு கண்ணாடிதானேக்கா."

காலையிலேயே ஈரப்பாசி நிரப்பி வாசலோரம் வைத்திருந்த வாளியை இடக்கையில் தூக்கினாள். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை வலக்கையால் கழற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.