தீர்மான நோட்டு

என் வாய்க்குப் பயந்துதான் என்னைத் தலைவியாக்கினார்கள். கரையான்சாவடியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் இரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார் இல்லை. ஏழாவது படிக்கிற என் மகள் கார்த்திகாவுக்குப் பின்னம் என்றால் என்னவென்றே தெரியாது. பெற்றோர் குழுவுக்கு ஆள் எடுத்த அன்று நான் எழுந்து போட்ட சத்தத்தில், "லோகநாயகி அக்காவே இருக்கட்டும், அதான் வுடாம கேக்கும்" என்றாள் தெரசா. அவள் மகள் ரியாவும் கார்த்திகாவும் ஒரே பெஞ்ச்.

விடாமல்தான் கேட்டேன். மாதம் தவறாமல் தீர்மானம். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைப் பொத்தான் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற அம்மாக்களும் வேலையில் இருப்பார்கள். எந்தப் புண்ணியவான் மூன்று மணி என்று வைத்தானோ! அதனால் தலைமையாசிரியர் பக்தவத்சலம் சார் காலையில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கே ஸ்கூட்டரில் நோட்டோடு வருவார். சீட்டின் மேல் வைத்து, வெறும் பக்கங்களின் அடியில் நாலைந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவேன். மேலே அவர் எழுதிக்கொள்வார். "கணக்கு வாத்தியார மறந்துடாதீங்க சார்" என்று படியில் நின்று கத்துவேன்.

பதினொரு தீர்மானம் போயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. பொறுக்க முடியாமல் லீவு போட்டு, பதினெட்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

அங்கிருந்த எழுத்தர் சம்பத் ஃபைலைப் புரட்டினார். "எதுக்கும்மா வாத்தியாரு? உங்க ஸ்கூலத்தான் மெயின்ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கற பள்ளியோட சேத்தாச்சே. நீங்களே கேட்டு எழுதியிருக்கீங்க."

"யாரு கேட்டது? இன்னா சார் கத வுடுற?"

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். 'போதிய ஆசிரியர் இல்லாத காரணத்தால், மாணவர் நலன் கருதி, அருகிலுள்ள பள்ளியுடன் இணைக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடியில் என் கையெழுத்து.

அடப்பாவிகளா! வாத்தியார் இல்லை என்று நாங்கள் அழுததையே காரணமாகக் காட்டிப் பள்ளியை மூடிவிட்டார்கள். தெரசா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது நீ போட்டதா?"

ஆமாம் என்றேன். பதினெட்டுப் பேரும் என்னை விட்டுவிட்டுப் படியிறங்கினார்கள்.

நேரே பள்ளிக்குப் போய் பக்தவத்சலம் சாரைப் பிடித்துக்கொண்டேன். "பாவி மனுசா, நம்பித்தான போட்டேன்! கொயந்திங்க எங்க போவும்?" இன்னும் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

"மேலேந்து வாசகத்த அனுப்பி எழுதச் சொன்னாங்கம்மா. ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு. முடியாதுன்னு சொல்ல எனக்கு தைரியம் வரல." தீர்மான நோட்டை என் பக்கம் தள்ளி, "நீங்க கேட்டதையும் பதினோரு தடவ எழுதி அனுப்பினேன். யாரும் படிக்கல. இத மட்டும் ஒரே நாள்ல படிச்சுட்டாங்க" என்றார்.

அவரை ஓங்கி அறையலாம் போல் இருந்தது. நோட்டை அவர் மேசையில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன்.

மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் எங்கள் பள்ளிக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கார்த்திகாவை என் வீட்டுக்காரர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வண்டியில் மெயின்ரோட்டைத் தாண்டிப் புதுப் பள்ளியில் கொண்டுவிடுகிறார். அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இருக்கிறார். ஒரு வகுப்பில் எழுபத்திரண்டு பிள்ளைகள். இவளுக்குப் பின்னம் இன்னும் வரவில்லை.

ரியா மட்டும் போகவே இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தெரசா வீட்டுக்குப் போனேன்.

"புள்ளைய ஏன்டி ஊட்ல வெச்சிகினு கீற? அனுப்பு."

"லாரி பறக்குதுக்கா அந்த ரோட்ல. யாரு தாண்டி வுடுவா? நான் ஆறு மணிக்கே வேலைக்கு போயிடறேன். நீ வந்து வுடுவியா?"

எனக்கு ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். என் வீட்டுக்காரர் வண்டியில் கார்த்திகாவோடு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தொற்றிக்கொண்டு போகிறார்கள். நான் போனதே திட்டு வாங்கத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவள் நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கேட்கவில்லை. "ஆன்ட்டிக்கு டீ போடுடி" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

ரியா டீ கொண்டுவந்தாள். பள்ளிச் சீருடைச் சுடிதாரைத்தான் வீட்டில் போட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அங்க கார்த்திகாவுக்கு கணக்கு சொல்லித் தராங்களா?"

"தராங்கடி" என்றேன்.