நினைத்தால் வரும் விக்கல்

நாலு நாளாகச் சடையப்பன் விக்கிக்கொண்டிருந்தார். சாப்பிட முடியவில்லை, படுக்க முடியவில்லை, மனைவியைத் திட்டக்கூட முடியவில்லை. கொளஞ்சியம்மாளுக்கு அந்த ஒன்றில்தான் நிம்மதி. மற்றபடி, நாலு ராத்திரி கண்விழித்ததில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அவளுக்குத் தெம்பில்லை.

அவர்கள் குடியிருந்த செம்மண்டலத்தில் தெருவே கூடி வைத்தியம் பார்த்தது. மூச்சை அடக்கச் சொன்னார்கள், சர்க்கரையை வாயில் போட்டார்கள். பக்கத்து வீட்டு ஞானாம்பாள் அதிர்ச்சி வைத்தியமாக ஓடிவந்து, "கோயில் உண்டியல ஒடச்சது நீங்கதானாமே மாமா?" என்றாள். அவர் திடுக்கிட்டார். விக்கல் அசையவில்லை.

"அப்ப யாரோ ஓயாம நெனைக்கிறாங்க. பேரச் சொன்னா நின்னுடும்" என்றாள் ஞானாம்பாளே.

சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் சொல்லித் தீர்த்தார்கள். ஒன்றுதான் மிச்சம். சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரத்தில் இருக்கும் மகளின் பெயர். ஆறு வருடமாக அந்த வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. சடையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "இலக்கியா" என்றார்.

விக்கல் நின்றது. அரைமணி நேரம் கழித்துத் திரும்ப வந்தது.

"பேரு போதலங்க, ஆளையே பாக்கணும்" என்றாள் கொளஞ்சியம்மாள். ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டுவிட்டு இரண்டு பேரும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள்.

கதவைத் திறந்த இலக்கியா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீங்கிப்போயிருந்த காலைப் பார்த்தாள். வாங்க என்றுகூடச் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

"மூட்டுவலி மாத்திரைய இஷ்டத்துக்கு முழுங்கியிருக்காரு. ரெண்டு கிட்னியும் போச்சு. ரத்தத்துல உப்பு ஏறிடுச்சி, விக்கலே அதாலதான்" என்றார் டாக்டர்.

"கொழம்புல உப்பு கம்மியாத்தான் சார் போடுவேன்."

"இது அந்த உப்பு இல்லம்மா, கிட்னி வெளியேத்தாத கழிவு" என்றார் அவர், அன்றைக்குப் பத்தாவது தடவையாகச் சொல்பவர் போல. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாரு."

விக்கலுக்கு மருந்து கொடுத்து டயாலிசிஸில் போட்டார்கள். வெளியே பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ அப்பாவ நெனச்சியாடி?"

"இல்லம்மா." இலக்கியா கோபமாகச் சொல்லவில்லை. "மொத ரெண்டு வருஷம் தெனம் நெனச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

அந்த இரண்டு வருடத்தில் சடையப்பன் ஒரு தடவைகூட விக்கியதாகக் கொளஞ்சியம்மாளுக்கு ஞாபகமில்லை.

சாயங்காலம் விக்கல் அடங்கியது. வெளுத்த முகத்தோடு கிடந்த சடையப்பன் மனைவியை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

"நெனச்சாளாமா?"

"தெனம் நெனச்சாளாம்" என்றாள்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.