மெக்சிகோவில் எந்த ஊர்?

"மெக்சிகோவுல எந்த ஊரும்மா உனக்கு?"

தன் பேரனின் பிறந்தநாளைக் கொண்டாட நான் பரிமாறும் ஓட்டலுக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். நல்ல மனுஷி. நான் மெக்சிகோவா என்று அவர் கேட்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி ஸ்பானிஷில் நான் இரண்டு வார்த்தை சொன்னதிலேயே அது முடிவாகிவிட்டது. ஊர்தான் பாக்கி. "தபாச்சூலா" என்றேன். "அடடா, ரொம்ப அழகான இடமாச்சே" என்றார். அவர் அங்கே போயிருக்க மாட்டார். நானும் தபாச்சூலாவை ஒரு பஸ்ஸின் திரைச்சீலை இடுக்கு வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு.

எங்கள் ஓட்டலின் பெயர் மூன்று கழுதைகள். அலபாமாவில், கோழி ஆலைக்கு எதிரே இருக்கிறது. சுவரெல்லாம் அகலமான வைக்கோல் தொப்பிகள், கூரை முழுக்க மெக்சிகோ கொடித் தோரணம். முதலாளி தோன் லிசாந்த்ரோவுக்கு எல் சால்வதோர். சமையல் பார்க்கும் தோன்யா எமெரீத்தாவுக்கு குவாத்தமாலா. தோன், தோன்யா என்பதெல்லாம் எங்கள் பேச்சில் ஐயா, அம்மா மாதிரி. அங்கே மெக்சிகோக்காரி நான் ஒருத்திதான். அதுவும் பொய்.

"சால்வதோர்னு போர்டு மாட்டினா ஈகூட உள்ள வராது. மெக்சிகோன்னு மாட்டு, வெயில்ல க்யூ நிப்பாங்க," என்பார் முதலாளி. "கழுதைகூட மெக்சிகோ கழுதைன்னா தனி மரியாதைதான்."

"அதான் உங்களுக்கும் இவ்ளோ மரியாதை," என்பார் தோன்யா எமெரீத்தா.

ஹோண்டுராஸை விட்டுக் கிளம்பியபோது எனக்குப் பத்து வயது. தங்கை கெய்லா கைக்குழந்தை. எங்களைக் கூட்டிப்போனவர் வழியில் ஒரு வீட்டில் தங்கவைத்து எங்களை மெக்சிகோக்காரர்களாக மாற்றினார். அவர்களுடைய தேசிய கீதம், அவர்கள் எதை எப்படிச் சொல்வார்கள், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தோம்.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று கூட வந்தவர்களில் ஒருவர் சலித்துக்கொண்டார்.

"அமெரிக்காவுல புடிச்சா ஹோண்டுராஸ்காரனை பிளேன்ல ஏத்தி, எந்த வீட்டுக்குப் பயந்து ஓடி வந்தானோ அங்கயே கொண்டு விட்டுருவான். மெக்சிகோக்காரன்னா எல்லைப் பாலத்துக்கு அந்தாண்ட தள்ளி விட்டுட்டுப் போயிடுவான். மறுபடி கிளம்பி வந்துரலாம். புரியுதா? சரி, உங்க செருப்பெல்லாம் எங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் உதட்டைக் குவித்துக் கதவுப் பக்கம் நீட்டினோம். எங்கள் ஊரில் யாரும் விரலால் திசை காட்டுவதில்லை. உதடே போதும். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு! ஹோண்டுராஸ்னு வாயிலயே எழுதி ஒட்டிட்டு வந்திருக்கீங்க. கைய வெச்சுக் காட்டுங்கம்மா, கைய வெச்சு!"

சிரித்தோம். மறுநாள் மெக்சிகோவுக்குள் நுழைந்த பஸ்ஸில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண்ணிடம் பை எங்கே என்று கேட்டார். அவள் உதட்டால் மேலே காட்டினாள். அவளை இறக்கிவிட்டார்கள், பஸ் கிளம்பியது. அம்மா என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். அந்தக் கையை அவள் இன்னும் எடுக்கவில்லை என்றுதான் சில நாள் எனக்குத் தோன்றும்.

அம்மாவின் பெயர் சுயாபா. எங்கள் நாட்டு மாதாவின் பெயர் அது. அதை விட்டுவிட்டு மெக்சிகோ மாதாவின் பெயரான குவாதலூப்பேயை வைத்துக்கொண்டாள். கோழி ஆலையில் அவள் எல்லோருக்கும் லூப்பே. வீட்டுக்குள்ளும் எங்கள் ஊர்ப் பெயரை எடுக்கக் கூடாது.

"கெய்லா காதுல விழுந்தா ஸ்கூல்ல போய்ச் சொல்லிடுவா. என்னைப் புடிச்சுட்டுப் போனா நான் உங்ககிட்டத் திரும்பி வரணுமா, வேண்டாமா?"

கெய்லா பள்ளியில் 'என் நாடு' என்று கழுகும் பாம்பும் போட்ட மெக்சிகோ கொடியை வரைந்து கொண்டுவந்தாள். அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டுவிட்டேன். அம்மாவுக்கு ஷிஃப்ட் மாறியது. கெய்லாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் வராமல் போனது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது. பிறகு கெய்லா பள்ளியில் இருக்கும் நேரத்தில் ஓட்டலில் பரிமாறப் போனேன்.

எங்கள் ஊர் யோரோ பக்கம். மழைக்காலம் தொடங்கும்போது அங்கே பகலை இருட்டாக்கிக்கொண்டு ஒரு பெரிய மழை வரும். இடி ஓய்ந்ததும் ஜனங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். புல்தரையில் விரல் நீளத்துக்கு வெள்ளி வெள்ளியாக மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து விழுந்தவை என்போம். நானும் பொறுக்கியிருக்கிறேன்.

இதைக் கெய்லாவிடம் சொன்னேன், ஊர்ப் பெயரைச் சொல்லாமல்தான்.

"பொய்! மீனு எப்படி மேல போச்சு? படிக்கட்டு இருக்கா?" என்றவள் அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, நம்ம ஊர்ல மீன் மழை பெய்யுமா?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா கனவு கண்டிருப்பா. தபாச்சூலாவுல அதெல்லாம் கிடையாது."

நான் அவளையே பார்த்தேன். அவள் நிமிரவில்லை. அன்றிலிருந்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளங்கையில் மீன் வழுக்கிய அந்த ஞாபகம் நிஜமா, நானாக வைத்துக்கொண்டதா? யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'ஆமாம், நானும் பார்த்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

அந்த வசந்தத்தில்தான் ஓட்டலில் பாத்திரம் கழுவ ரொகேலியோ வந்தார். நாற்பது வயது இருக்கும். யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் மெக்சிகோ. புவெப்ளா பக்கம்" என்றார்.

"அப்பாடா, நெஜ மெக்சிகோக்காரன் ஒருத்தன்!" என்று தோன் லிசாந்த்ரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சுவத்துல மாட்டிடலாமா?" என்றார் தோன்யா எமெரீத்தா.

ஒரு நாள் தோன்யா எமெரீத்தா பெரிய பானையைத் தேடினார். "அத எங்கப்பா வெச்ச?" ரொகேலியோவின் கைகள் இரண்டும் முழங்கைவரை நுரைக்குள் இருந்தன. உதட்டைக் குவித்து மேல் அலமாரிப் பக்கம் நீட்டினார். உடனே என்ன நினைத்தாரோ, ஈரக்கையை வெளியே எடுத்து விரலாலும் காட்டினார். தரையெல்லாம் நுரை சொட்டியது.

உதட்டைவிட அந்த விரல்தான் எனக்கு நிச்சயமாகச் சொன்னது. யாரோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த விரல் அது. கையிலிருந்த தட்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

நான் வேலை நேரத்தில் கதை பேசுகிறவள் இல்லை. ஆனாலும் கூட்டம் இல்லாத ஒரு மதியம், அவர் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். "தோன்யா, எங்க ஊர்ல மழையில மீன் விழும்."

"என்ன மீனு? பொரிச்சதா?"

"நெஜமாத்தான். வாளி எடுத்துட்டு ஓடுவோம்."

"தபாச்சூலாவுலயா? அது எங்க எல்லைக்கு அந்தாண்டதானே இருக்கு! எங்க பக்கம் ஒரு செதில்கூட வந்து விழலையேடி."

"கூடவே எலுமிச்சம்பழமும் விழுமா?" என்றார் முதலாளி. "அப்படி ஒரு ஊர் இருந்தா நான் ஏன் இங்க கழுதை மேய்க்கறேன்?"

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. ரொகேலியோவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏம்ப்பா ரொகேலியோ, உங்க புவெப்ளாவுல என்ன விழும்? கோழியா?" என்றார் முதலாளி.

"எங்க ஊர்ல வெறும் தண்ணிதாங்க," என்றார். குழாயை மறுபடி திறந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மனசு விடவில்லை. அடுத்த வாரம் நானே கோதுமை மாவு பிசைந்து ரொட்டி தட்டினேன். மசித்து வதக்கிய பீன்ஸைத் தடவி, பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டு, மேலே புளித்த கிரீமை ஊற்றினேன். எங்கள் ஊரில் இதைப் பாதியாக மடித்துத்தான் சாப்பிடுவோம். பலேயாதா என்று பெயர். மெக்சிகோக்காரர்கள் என்றால் சுருட்டுவார்கள். நான் மடிக்கவுமில்லை, சுருட்டவுமில்லை. விரித்தபடியே அவர் முன்னால் வைத்தேன்.

தட்டை அருகே இழுத்துக்கொண்டார். கட்டைவிரல் ரொட்டியின் ஓரத்தைத் தூக்கியது. மடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது பார்த்து முதலாளி உள்ளே வந்தார். ரொகேலியோ ரொட்டியைச் சுருட்டினார். பிறந்ததிலிருந்து ஒன்றைக்கூடச் சுருட்டியறியாதவர்போல் சுருட்டினார். கிரீம் மறுமுனையில் பிதுங்கி மணிக்கட்டில் வழிந்தது.

"என்னய்யா, புவெப்ளாவுல இப்படித்தான் சாப்பிடுவீங்களா?"

"பசிங்க, தோன்," என்று மணிக்கட்டை நக்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

முதலாளி போனதும் பக்கத்தில் போய் நின்றேன். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க எந்த ஊர்னுகூடக் கேக்கல. மீன் விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் கடைசி வாயை மென்று விழுங்கினார். பிறகு, "எனக்குப் புள்ளைங்க இருக்காங்கம்மா," என்றார். அம்மாவே சொன்னதுபோல் இருந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஜூனில், பேப்பர் இல்லாத ஆட்களைப் பிடிக்கக் கோழி ஆலைக்குப் போலீஸ் வரப்போகிறது என்று ஒரு பேச்சு பரவியது. அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ரொகேலியோ தக்காளி பறிக்கக் கரோலினாவுக்குப் போவதாக முடிவாயிற்று. அவரைக் கூட்டிப்போக ஒரு வேன் மதியம் ஓட்டலின் பின்பக்கம் வந்து நின்றது. மேற்கே வானம் கறுத்து, தூரத்தில் இடி உருண்டுகொண்டிருந்தது.

"என் ஒரே மெக்சிகோக்காரனும் போறானே!" என்று தோன் லிசாந்த்ரோ அவரைக் கட்டிக்கொண்டார்.

"அப்போ இந்தப் பொண்ணு?" என்றார் தோன்யா எமெரீத்தா.

"அட ஆமா, மறந்தே போச்சு."

நான் பின்வாசலை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். ரொகேலியோ தோளில் பையோடு என்னைத் தாண்டிப் போனார். என்னிடம் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். இரண்டு படி இறங்கியவர் நின்றார். வாசலோரம் பீன்ஸ் வந்த பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்து கிடந்தது. காலையில் அவரே கழுவி வைத்தது. அதை எடுத்துக்கொண்டு, கூரை நிழலைத் தாண்டி, வண்டிகள் நிற்கும் வெட்டவெளியின் நடுவில் வாய் மேலே பார்க்க வைத்தார். வாளி காற்றில் சாயாமல் இருக்க ஒரு செங்கல்லையும் உள்ளே போட்டார்.

டிரைவர் ஹாரன் அடித்தான். "யோவ், குப்பையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஏறுய்யா!"

ரொகேலியோ திரும்பி என்னைப் பார்த்தார். உதட்டைக் குவித்து வானத்தைக் காட்டினார். இந்த முறை விரலைத் தூக்கவில்லை. வேனில் ஏறிப் போய்விட்டார்.