நினைவூட்டல் சார் ஸ்பாமில் போன கதை

அந்த அலுவலகத்தின் மெயில் வடிகட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. லாட்டரி விழுந்ததாகச் சொல்லும் மெயில், வங்கிக் கணக்கு முடங்கியதாகப் பயமுறுத்தும் மெயில் எல்லாம் அதன் வாயில் போய்விடும். தவறுதலாக விழுங்கியதைக் காலையில் கக்க வைத்து, இது நல்லது, இது ஸ்பாம் என்று அவள் திருத்த வேண்டும். சமத்தான பிள்ளை அது. ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்ளும்.

வம்பே அதுதான். அங்கே எல்லோருமே அதற்கு வாத்தியார்கள். மெயிலுக்கு மேலே இருக்கிற 'ஸ்பாம்' பொத்தானை யார் அழுத்தினாலும் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும். வேலை வைக்கிற மெயிலை ஸ்பாம் என்று அழுத்திவிட்டு, "எனக்கு வரவேயில்லையே" என்று சாதிக்கிற புண்ணியவான்கள் மாடிக்கு மாடி உண்டு.

வெள்ளிக்கிழமை காலை, வடிகட்டி விழுங்கியதைக் கிளறிக்கொண்டிருந்தபோது சேஃப்டி ஆபீசரின் மெயில்கள் அகப்பட்டன. ஒன்றிரண்டல்ல, மூட்டையாக. 'நினைவூட்டல்: மாடிப்படியில் பெட்டி வைக்காதீர்கள்.' 'நினைவூட்டல்: தீயணைப்புக் கருவியில் குடை மாட்டாதீர்கள்.' எதை எழுதினாலும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார். அதனால் ஆளுக்கே 'நினைவூட்டல் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆளாளுக்கு அழுத்தி அழுத்தி, அவர் எழுதுவதெல்லாம் ஸ்பாம்தான் என்று வடிகட்டி முடிவு கட்டியிருந்தது. மாதக்கணக்கில் அந்த மனிதர் எழுதியது ஒருவர் கண்ணிலும் படவில்லை. காணோமே என்று ஒருவரும் தேடவுமில்லை.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடுத்ததைப் பார்க்கும்வரை. 'நினைவூட்டல்: வரும் ஞாயிறு என் மகளுக்குத் திருமணம். அனைவரும் குடும்பத்தோடு வரவும்.' அனுப்பிய முதல் அழைப்பே நினைவூட்டலாக இருந்தது.

தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை அவருடையது. சாவிகளைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கல்யாணப் பத்திரிகை யாருக்காவது கையில குடுத்தீங்களா?"

"காகிதம் தீப்பிடிக்கிற பொருளாச்சேம்மா. வாங்கி மேஜை மேல குவிச்சு வச்சிருவாங்க. அதான் மெயில்ல போட்டுட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"வர முடியாதுன்னு ஒருத்தர்கூட எழுதல. அப்ப எல்லாரும் வர்றாங்கன்னுதானே அர்த்தம்?" முகம் மலர்ந்துவிட்டது. "நமக்குச் சொந்தபந்தம்னு பெருசா யாருமில்ல. 'எங்க ஆபீஸே வருது'ன்னு சம்பந்தி வீட்ல சொல்லி வச்சிருக்கேன். சமையலுக்கும் அந்தக் கணக்குதான். நம்ம ஆளுங்க இப்ப ரொம்பத் திருந்திட்டாங்கம்மா. முன்னல்லாம் ஒரு மெயில் போட்டா பாய்ஞ்சுக்கிட்டு வருவாங்க. இப்ப மூச்சு விடறதில்ல."

"வாழ்த்துகள் சார்" என்று முணுமுணுத்துவிட்டு மாடியேறினாள். அந்த அழைப்பை 'நல்லது' என்று குறித்து, எல்லோருடைய பெட்டிக்கும் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் இருக்கிறதே, போதும் என்று தேற்றிக்கொண்டாள்.

காபி ஆறுவதற்குள் திரையில் புகார்கள் வரத் தொடங்கின. முதல் மாடியிலிருந்து ஸ்பாம். கணக்குப் பிரிவிலிருந்து ஸ்பாம். ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. முதல் வார்த்தையைப் பார்த்ததும் கை தானாகப் பொத்தானுக்குப் போயிருக்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடிகட்டியில் திருத்த ஒன்றுமேயில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் அது ஒழுங்காகச் செய்திருந்தது.

மறுபடி கீழே இறங்கினாள்.

"சார், அந்த 'நினைவூட்டல்'ங்கிற வார்த்தைய எடுத்துட்டு, வேற தலைப்பு போட்டு அனுப்புங்க."

"ஏம்மா?"

இனி மென்று விழுங்கிப் பயனில்லை. நடந்ததையெல்லாம் போட்டு உடைத்தாள். அவர் ஏற்கெனவே நேராகத் தொங்கிய சாவியை இன்னும் நேராக்கினார்.

"நீயும் அழுத்தியிருக்கியாம்மா?"

"அழுத்தியிருக்கேன் சார்."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தலைப்ப மாத்தி அனுப்பலாம் சார். நான் வேணா எழுதித் தர்றேன்."

"என்னோடதுன்னு தெரியாம தொறக்க வைக்கணுமா? அதுக்குப் பேருதானேம்மா ஸ்பாம்."

"இல்ல, நான் மாடி மாடியாப் போய்ச் சொல்றேன்."

"வேணாம்மா. உன் முகத்துக்காக வந்து உக்காந்துட்டுப் போவாங்க. பொண்ணு கேப்பா, இவங்கல்லாம் யாருப்பான்னு." சாவி துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "நீ வருவியா?" என்றார்.

"கண்டிப்பா வர்றேன் சார்."

அவர் செல்போனில் சமையல்காரரைக் கூப்பிட்டார். "மாஸ்டரா? ஆபீஸ்காரங்கன்னு ஒரு கணக்கு சொன்னேன்ல… அதுல கொஞ்சம் மாத்தணும். ஒருத்தர்னு போட்டுக்குங்க. ஆமா, ஒருத்தர்தான்."

அந்த முனையில் மாஸ்டர் சத்தம் போடுவது அவளுக்கும் கேட்டது. அவள் மேஜைமேல் குனிந்தாள்.

"ரெண்டு பேர் சார். எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்டர், தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு பேர்" என்றார்.