ஒலியை நீக்கியவர்

தேர்வு மையத்தில் எல்லோரும் அவரைச் 'சுருக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அழுத்திப் பாதியாக்கிவிடுவார் என்று பெயர். மையத்தின் முப்பது கணினிகளும் அவர் பொறுப்பு. எல்லாமே கிழடு தட்டியவை. பதினாறு ஜிபிக்கு மேல் இடம் கிடையாது. புது ஓஎஸ், அதாவது இயங்குதளம், போட்டால்தான் தேர்வு நடத்தலாம் என்று மேலிடம் சொன்னபோது, மேலாளர் அவர் தோளில் தட்டி, "நீங்க இருக்கீங்கல்ல சார்," என்றதோடு சரி.

மூன்று வாரம் மல்லுக்கட்டினார். சிஸ்டம் கோப்புகளைச் சுருக்கினார். விளையாட்டு, வால்பேப்பர், யாரும் தொடாத எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார். அப்படியும் தேர்வு மென்பொருளுக்கு இடம் போதவில்லை. "பரீட்சை ஹால்ல சத்தம் எதுக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒலிக்கான பகுதியை வேரோடு பிடுங்கினார். நீக்கியதை மறுபடி சேர்க்க உதவும் கோப்புகளையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஒரே பிரதியை முப்பதிலும் ஏற்றினார். சுவிட்சைத் தட்டியதும் எழுந்து நின்றன. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேர்வன்று காலை ஒன்பதரைக்கு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்வையில்லாத ஒரு பெண் வந்தாள். கழுத்தில் சொந்த ஹெட்போன். தொலைபேசி இணைப்பாளர் வேலைக்கான தேர்வு. அனுமதிச் சீட்டில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் 'பேசும் கணினி' தரவேண்டும் என்று அச்சிட்டிருந்தது.

"வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது சார்," என்றாள் அக்கா. "இதுதான் கடைசி தடவை."

அவர் கடைசி நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, ஹெட்போனைச் செருகினார். அவள் விசைகளைத் தட்டிப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

"சார், ஒண்ணுமே கேக்கலையே?"

"ஒரு நிமிஷம்மா."

ஒலியைத் திரும்பச் சேர்க்க முயன்றார். சேர்க்கவேண்டிய கோப்பே இல்லை என்றது கணினி. முழு ஓஎஸ்ஸைப் போடலாமென்றால் வட்டு கொள்ளாது. அலுவலகக் கணினி நன்றாகப் பேசும். ஆனால் பதிவு செய்த முப்பதைத் தவிர வேறெதையும் தேர்வு சர்வர் ஏற்காது. மணி பத்தடித்தது. திரையில் தொண்ணூறு நிமிடம் குறையத் தொடங்கியது.

கண்காணிப்பாளரிடம் ஓடினார். "நானே படிச்சுக் காட்டுறேன் மேடம். பதிலை அவங்களே அடிக்கட்டும்."

"வாசிக்க ஆள் வேணும்னா பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே எழுதிக் கேட்டிருக்கணும். நீங்க வாயைத் திறந்தா மொத்த மையத்தையும் ரத்து பண்ணிடுவாங்க." கண்காணிப்பாளரின் குரலில் கோபம் இல்லை, அவருக்கும் அதற்கு மேல் வழி ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்தார். முதல் கேள்வி திரையில் பளிச்சென்று நின்றது. பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடக்கூடிய கேள்வி.

"சார், பக்கத்துல இருக்கீங்களா?" அவள் மெல்லக் கேட்டாள். "முதல் கேள்வி என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்ல முடியாதும்மா," என்றார். "தப்பு என்னோடது."

"அப்ப நான் எந்திரிக்கட்டுமா?"

கேட்டாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் இருபத்தொன்பது பேர் விசைகளைத் தட்டும் சத்தத்துக்கு நடுவே, விரல்களைப் பலகைமேல் வைத்தபடி தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை ஒளிக்காமல் அவர் மேலிடத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுதேர்வு கேட்டு அந்தப் பெண்ணும் எழுதினாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: வயது வரம்பு கடந்துவிட்டதால் பரிசீலிக்க இயலாது. அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. கணினி வட்டில் இடத்தை மிச்சம்பிடித்ததற்காக அதே வாரம் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்தான் வந்தது.

அக்காவின் எண்ணுக்குப் போன் செய்தார்.

"அவகிட்ட குடுக்கட்டுமா சார்?" என்றாள் அக்கா.

என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம், "ஹலோ... ஹலோ..." என்று அந்தப் பெண்ணின் குரல் வந்துவிட்டது.